கைசா கழுவி வைத்த குப்பி

"குழாயை மூடுங்க சார்! இதென்ன அருவியா?"

கத்திய பிறகுதான் கைசா அவனைச் சரியாகப் பார்த்தாள். மழையில் நனைந்த முடி... சாம்பல் நிறக் கண்கள். கோபம் கொஞ்சம் வழுக்கியது.

"அஞ்சு நிமிஷம் ஓடணும் மேடம். குழாய்ல தேங்கினது எனக்கு வேண்டாம்."

அவன் பெயர் ரேயால். ஏரிக்கரை நீர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ஊர்க் குழாயின் கடைசி முனையில் கைசாவின் ரொட்டிக்கடை இருந்ததால், சோதனைத் தண்ணீர் பிடிக்க அங்கே வந்திருந்தான்.

"புது சவ்வு வடிகட்டின்னு பீத்திக்கிட்டீங்களே... அப்புறம் எதுக்குச் சோதனை?"

"சவ்வு கிருமியைப் பிடிச்சிடும். ஏரியில ஊறின இலைச்சாறு நழுவி வந்திடும். அதோட குளோரின் சேர்ந்தா வேண்டாதது உண்டாகும். வருஷக்கணக்கா குடிச்சா உடம்புக்கு ஆகாது."

"பயமுறுத்திக்கிட்டே என் ஏலக்காய் ரொட்டியை முறைக்கிறீங்க!"

அவன் சிரித்தான். போன் அடிக்க, வெளியே போனான்.

மேடையில் அவன் விட்டுப் போன ஒரு சின்னக் குப்பி. அடியில் வெள்ளையாக ஏதோ தூசி. அழுக்கைக் கண்டால் கைசாவுக்குக் கை சும்மா இருக்காது. கழுவி வைத்தாள். திரும்பி வந்தவன் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, மூடி, ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனான்.

இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வீடு கடிதம் வந்தது. குழாய்த் தண்ணீரில் அந்த வேண்டாததன் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது. காரணம் சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு ரேயாலுக்கு வேலை இல்லை என்றது நகர மன்றம்.

மறுசோதனைக்கு வந்தவனின் முகம் இறுகியிருந்தது.

"உங்க சவ்வு ஓட்டையா சார்?"

"என் தண்ணியில குறை இல்ல." வெடுக்கென்று சொல்லிப் புதுக் குப்பியை வைத்தான். அடியில் அதே வெள்ளை.

"அது... என்ன?"

"குளோரினை அந்த இடத்துலயே நிறுத்துற பொடி. இது இல்லன்னா குப்பிக்குள்ளயும் அது வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். அளவு எகிறிடும்."

அன்று கழுவிய குப்பி கைசாவின் நினைவுக்கு வந்தது. சொன்னால் ஊரே அவளைத் திட்டும், கடை படுத்துவிடும். சொல்லாவிட்டால்... இவன் போய்விடுவான்.

"நான்தான் கழுவினேன். அழுக்குன்னு நினைச்சேன்."

ரேயால் பொடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மன்றத்துல நானே வந்து சொல்றேன். திட்டினா திட்டட்டும்."

"பாதித் தப்பு என்னோடது," என்றான் மெதுவாக. "நிரப்புறதுக்கு முன்னாடி பொடி இருக்கான்னு நான் பார்க்கணும். பார்க்கல."

"ஏன்?"

"அறிக்கையில அதையும் எழுதணும். என்னன்னு எழுதறது..."

"உண்மையை எழுதுங்க."

"ரொட்டிக்கடைக்காரி கண்ணைப் பார்த்துக்கிட்டிருந்தேன்னா?"

கைசாவின் காது நுனி வரை சிவந்தது. மேஜையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள்.

"எழுதுங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்... நானும் உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."