காந்தம் ஒட்டிய சங்கிலி

காந்தம் ஒட்டியிருக்கக் கூடாது.

சாரத்தின் மேல்தட்டில் நின்றிருந்த கிருபாகரன் அதைப் பிடுங்கி, சட்டையில் துடைத்து, மறுபடி சங்கிலியில் வைத்துப் பார்த்தான். டக்கென்று கவ்விக்கொண்டது. மாமல்லபுரம் கடற்கரையில் எழும்பியிருந்த அந்தப் புது ஹோட்டலின் வாசலில் தொங்கப்போகும் பெரிய பெயர்ப்பலகைக்கு ஒவ்வொன்றையும் அவனே பார்த்துப் பார்த்து எடுத்திருந்தான்: உப்புக்காற்றுக்கு அசராத அலுமினியச் சட்டம், வெயிலில் மங்காத தகடு, ஆடி ஆடிக் கழன்றுவிடாத நைலான் நட்டு. துருவே ஏறாத ஸ்டீல் சங்கிலி வேண்டும் என்று சொல்லி, அதை மட்டும் கூட வேலை செய்யும் ஜெபக்குமாரிடம் விட்டிருந்தான். அந்த ஸ்டீலில் காந்தம் ஒட்டாது.

ஏமாற்றிவிட்டான் பயல் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சவுக்குத் தோப்பை உலுக்கிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றுபோக, சுவரின் புதுப் பெயின்ட் வாசனைக்குள் அழுகிய பாசியும் டீசலும் கலந்த நாற்றம் மெல்ல மெல்ல ஏறி வந்தது. எங்கிருந்து வருகிறதென்று மோந்து மோந்து தேடியவனின் மூக்கு, கடைசியில் கையிலிருந்த சங்கிலியில் வந்து நின்றது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். வெள்ளிப் பெயின்ட் உரிந்தது. அடியில், கடைசி வளையத்தில், கோணலாக ஒரு வெல்டிங் தழும்பு.

அவன் போட்டது. தம்பி தாவீதின் படகு நங்கூரத்துக்காகத் தன் கையால் போட்டது.

போன மழைக்காலத்தில் தனியாகக் கடலுக்குள் போன தாவீது திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. "வெல்டிங்கு வுட்டுகீதுண்ணா, சங்கிலி அறுந்துட்டிருக்கும்" என்று கட்டிப்பிடித்து அழுதவன், படகில் கூட்டாளியான இதே ஜெபக்குமார்தான். தம்பியைக் கொன்றது என் கைதான் என்று அன்றிலிருந்து கிருபாகரனுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறுதோறும் சர்ச்சில் முழங்காலில் நின்று அழுதான். பக்கத்தில் ஜெபக்குமாரும் முழங்காலில் நின்றான்.

"இன்னாடா இது, ஜெபா?"

கீழே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையின் மூலையைப் பிடித்திருந்த ஜெபக்குமார் நிமிரவில்லை.

"கடைல வாங்குனதுண்ணா."

"என் வெல்டிங்கு எனக்குத் தெரியாதா?"

ஜெபக்குமார் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "விக்கலாம்னு மின்னாடியே கழட்டிட்டேண்ணா. பெயின்ட் அடிக்கக் குடுத்துகீறேன்னு தாவீதுகிட்ட சொல்லி, பழைய கயிறு கட்டி வுட்டேன். இப்டி ஆவும்னு யாருக்குத் தெரியும்?"

"இத்தினி நாளா நான் அழுவுறத பாத்துகினுதானடா இருந்த?"

கிருபாகரன் சங்கிலியை இறுக்கிப் பிடித்தான். கூடப்பிறந்தவன் மாதிரி நினைத்தேனே, பாவி!

சங்கிலி அவன் பிடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. மேல்முனை, அவன் ஏற்கெனவே மாட்டியிருந்த உத்தரத்துக் கொக்கியில் இருந்தது. கீழ்முனை தொங்கவில்லை. ஜெபக்குமாரின் தலைக்கு மேலாகக் கடல் பக்கம் நீண்டு, விறைத்து நின்றது.

காற்றில்லை.

ஒரு இழுப்பு. உத்தரம் முனகியது. தூரத்தில், ஈர மணலில் ஒரு குழி விழுந்தது. கால் அளவுக்கு.

மறு இழுப்பு. இன்னொரு குழி. கிட்டத்தில்.

யாரோ சங்கிலியைப் பற்றிப் பற்றிக் கரையேறி வருகிறார்கள். யாருமில்லை. குழிகள் மட்டும். தண்ணீர் ஊறும் குழிகள்.

ஓடுடா என்று கத்த வாயைத் திறந்தான் கிருபாகரன். குரல் வரவில்லை. வரவில்லையா, தான் விடவில்லையா, அவனுக்கே தெரியவில்லை.

சங்கிலி தொய்ந்தது.

கடைசிக் குழி ஜெபக்குமாரின் குதிகாலுக்குப் பின்னால்.

"தோள்லேர்ந்து கைய எடுண்ணா," என்றான் ஜெபக்குமார், திரும்பாமலே. "சில்லுனு கீது."

சாரத்தின் உச்சியில், கிருபாகரனின் இரண்டு கைகளும் கம்பத்தை இறுகப் பற்றியிருந்தன.