வாய் மூடிய காயம்

நேற்று உள்ளே வைத்தது இரண்டு சாண் துணி. இன்றைக்கு வெளியே வந்தது ஒரு சாண்தான். கணவரின் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரத்து மத்தியான வெளிச்சத்தில் அந்த மெல்லிய காஸ் துணி நாடாவைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே விரித்து மறுபடியும் அளந்து பார்த்தாள். ட்ரேயில் தேடினாள், போர்வையை உதறினாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மீதியைக் காணோம். அதைவிட அவளை உறுத்தியது இன்னொன்று. புண்ணுக்குள் ஒரு நாள் முழுக்கக் கிடந்த துணி மஞ்சளாக, ஈரமாக, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாற வேண்டும். இது துவைத்துக் காயப்போட்டு எடுத்தது மாதிரி வெள்ளையாக இருந்தது.

காயங்களைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பதினோரு வருடமாக மரப்பெட்டித் தொழிற்சாலையில் முதலுதவி அறை அவள் பொறுப்பு. அங்கே அவளுக்குப் பெயரே பிளாஸ்டரம்மா. சிராய்ப்பு பார்க்கத்தான் பயங்கரம், நன்றாகக் கழுவிவிட்டால் ஆறிவிடும் என்பாள். வெட்டு ரத்தத்தைக் கொட்டிப் பயமுறுத்தும், அழுத்திப் பிடித்தால் அடங்கும். கிழிசலில் மண்ணும் சிராயும் ஒளிந்திருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். இதெல்லாம் வாயாடிக் காயங்கள், உள்ளதைச் சொல்லிவிடும். குத்துக் காயம்தான் ஊமை, வாய் சின்னது, உள்ளே எவ்வளவு ஆழமென்று காட்டாது, அதை மட்டும் மூடிவிடாதீர்கள் என்று புதிதாகச் சேருகிறவர்களிடமெல்லாம் தலையில் குட்டாத குறையாகச் சொல்லுவாள்.

அப்படிப்பட்டவள், லாரி ஓட்டும் தன் கணவர் பலகை ஆணியை மிதித்துவிட்டு வந்து நின்றபோது, வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் ஐந்தே நிமிடம் என்று, பட்டாணி அளவு ஓட்டையின் மேல் ஒரு பிளாஸ்டரை ஒட்டிவிட்டு ஓடிவிட்டாள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போன மனிதர், வலித்தால்தானே சொல்வார்? நான்காம் நாள் நாற்றம்தான் சொன்னது. டாக்டர் கீறிச் சீழை எடுத்துவிட்டு, மேலே மூடிக்கொண்டால் ஆபத்து, அடியிலிருந்து ஆறி வர வேண்டும், அதற்காகத் தினமும் காஸ் நாடாவைத் திணித்து நுனியை வெளியே விட்டுக் கட்டச் சொல்லிச் செய்து காட்டினார். திங்கட்கிழமைக்குள் தேறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

“காலை எடுத்துட்டா வண்டிய யாரு ஓட்டறது? அதுக்கு நீயே என் கழுத்த நெரிச்சிடு,” என்றார் கணவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணி குத்தியது அவர் தவறில்லை, மூடியது அவள். லீவு போட்டுவிட்டு அந்தக் காலே கதி என்று உட்கார்ந்துவிட்டாள்.

தான்தான் தப்பாக அளந்திருக்க வேண்டும் என்று, பாதி நாடா காணாமல் போன அந்தப் புதன்கிழமை, மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்று இரண்டு சாண் அளந்து வைத்து, நுனியைக் கணுக்காலில் டேப் போட்டு ஒட்டினாள். வியாழக்கிழமை மத்தியானம் கட்டைப் பிரித்தபோது டேப் சுருக்கம்கூட விழாமல் அப்படியே இருந்தது. அதற்கு அடியில் ஒன்றுமில்லை. புதன்கிழமை காணாமல் போனதோடு சேர்த்து இப்போது மூன்று சாண் உள்ளே.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். துணி உள்ளே தங்கினால் அழுகிவிடும், உடனே கூட்டிவரச் சொன்னார் கட்டுப் போடுகிறவர். சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கூட்டிப்போனால் திங்கட்கிழமை வரை யார் காத்திருப்பார்கள்? இன்றைக்கே காலை எடுத்துவிடுவார்கள். தானே எடுத்துவிடலாம் என்று இடுக்கியைக் கொதிக்கவைத்து எடுத்துவந்தாள். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

இடுக்கி உள்ளே போனது. ஒரு விரல்கடை ஆழம். இரண்டு. பிடி வரைக்கும் போனது. பாதத்தின் மறுபக்கம் அவளுடைய இடது உள்ளங்கை இருந்தது. அங்கே வந்து முட்டியிருக்க வேண்டும். முட்டவில்லை. அந்தச் சின்ன வாயிலிருந்து காற்று வந்தது. குளிர்ந்த காற்று. வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த வாசனை.

இடுக்கியை வெளியே இழுத்தாள். ஆனால் வெறுமனே விட்டால் வாய் மூடிக்கொள்ளும். பழக்கத்தில் புது நாடாச் சுருளின் நுனியை உள்ளே வைத்தாள். அவள் திணிக்கவில்லை. அதுவே போனது. மெதுவாக, சீராக. கொஞ்சம் போய் நின்றது. மறுபடி போய் நின்றது. ட்ரேயில் சுருள் உருண்டது. நின்ற இடமெல்லாம் சரியாக ஒரு சாண். உள்ளே யாரோ கையை விரித்து அளந்து பார்க்கிறார்கள். இழுத்தாள். உள்ளே பிடி இறுகியது. வெடுக்கென்று இல்லை. பொறுமையாக. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். அறுந்த நுனி உள்ளே போய் மறைந்தது.

ஐந்து சாண். முன்பு போன மூன்றோடு எட்டு.

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தால் காயமே இல்லை. கைக்குழந்தையின் குதிகால் போல வழவழவென்று இருந்தது.

அவர் எழுந்து நின்றார். நடந்தார். “உன் கை ராசியான கைடி,” என்று அவள் தலையைத் தடவினார். மேல்சட்டைகூடப் போடாமல், அரைக்கால் சட்டையோடு, தங்கைக்குப் போன் போட்டார். அவள் ஓடிப்போய் புது பிளேடை எடுத்துவந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, உட்காருங்க. அத மறுபடி திறக்கணும்.”

“கிறுக்கா உனக்கு?”

“மேல மட்டும் மூடிக்கிச்சுங்க. காலே போனாலும் போகட்டும், வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.” அழுதுகொண்டே இரண்டு கையாலும் அவர் பாதத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் உதறிவிட்டுத் தங்கையிடம் பேசத் தொடங்கினார். அவள் விடவில்லை. கட்டைவிரலால் குதிகாலை அழுத்தினாள்.

உள்ளிருந்து இன்னொரு கட்டைவிரல் திரும்ப அழுத்தியது.

பிறகு அது நகர்ந்தது. கெண்டைக்காலின் தோலுக்கு அடியில் ஒரு புடைப்பு ஊன்றியது. அங்கிருந்து மெல்லிய இன்னொன்று மேலே நீண்டது. நின்றது. கட்டைவிரல். சுண்டுவிரல். கட்டைவிரல். இரண்டாவது சாண் முழங்காலுக்கு வந்தது. அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவள் தொடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். கைகளுக்கு அடியிலேயே அது போனது. மூன்று. இடுப்பில் நான்கு. எண்சாண் உடம்பு என்பார்கள். விலாவில் ஐந்து. நெஞ்சில் ஆறு.

“திங்கட்கிழமை அந்த டாக்டர் மூஞ்சியப் பாக்கணுமே நீ, அவரு வந்து...” என்றவர் நிறுத்தினார்.

ஏழு.

“அண்ணா?” என்றது போன். “அண்ணா, கேக்குதா?”

அவர் அவளைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. தொண்டையில் கட்டைவிரல் ஊன்றியிருந்தது. கன்னத்தின் தோலுக்கு அடியில் சுண்டுவிரல், கண்ணைத் தாண்டி நெற்றிக்கு, அவசரமில்லாமல் நீண்டுகொண்டிருந்தது.