தேயாத இசைத்தட்டு

அன்றைக்கு ஹனீஃப் இருமவில்லை.

மத்தியானம் மூன்றரை மணி. ஹஃபீஸா வழக்கம்போல ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அந்த நீலப் பெட்டியின் மூடியைத் திறந்து, தட்டை வைத்து, ஊசியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் கரகரப்பு வரும். பிறகு, "ஹஃபீ, நான்தான்" என்பார். உடனே ஓர் இருமல் வரும், நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, பாதி வழியில் அடக்கப்பட்டு, தொண்டையில் கிழிந்துபோகிற இருமல். அதற்குப் பிறகுதான், "என்ன முழிக்கிற, இதுக்குள்ள எப்படிப் போனேன்னா?" என்று சிரிப்பார். ஒரு மாதமாகத் தினம் ஒரு தடவை கேட்கிறாள். எங்கே மூச்சு இழுப்பார், எங்கே நாக்கு ஒட்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

இன்று "நான்தான்" என்றார். அடுத்து "என்ன முழிக்கிற" என்றார். நடுவில் ஒன்றும் இல்லை.

ஊசியைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைத்தாள். மறுபடியும் இல்லை. மற்ற மூன்று இருமல்களும் அந்தந்த இடத்தில் இருந்தன. முதலாவது மட்டும் போயிருந்தது.

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்ததே ஒரு கூத்து. மஸ்ஜித் தானா ஊரில் துணிக்கடை வைத்திருந்த மனுஷருக்கு ஐம்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு கிறுக்குப் பிடிக்கும் என்று யார் கண்டார்கள்? மருமகன் ரிஸால் கோலாலம்பூரில் ஓர் இசைத்தட்டுக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அங்கே காதில் வளையம் போட்ட விடலைகள் வரிசையில் நின்று, ஹனீஃபின் அத்தா காலத்தில் குப்பை லாரியில் போன சாமானை நூறு வெள்ளி, நூற்றைம்பது வெள்ளி கொடுத்து வாங்குவதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டார். தஞ்சோங் கிளிங் வீட்டுக்குத் திரும்பியதும் கைப்பேசியைத் தட்டி ஆர்டர் போட்டார். கைப்பெட்டி மாதிரி மடித்துத் தூக்கிப் போகிற டர்ன்டேபிள். ஒரு நல்ல குக்கரைவிட விலை குறைவு.

"தட்டு ஒண்ணுகூட இல்லாம பொட்டி மட்டும் எதுக்கு? உங்களுக்கு மூள கொழம்பிப்போச்சா?" என்று ஹஃபீஸா கத்தினாள்.

"தட்டு வரும்லா. வெயிட் பண்ணு" என்று கண்ணடித்தார் ஹனீஃப். கண்ணடித்துவிட்டு இருமினார்.

பத்து மாதம் இருமினார். அவள் சிகரெட்டைத் திட்டினாள், கடையில் இருந்த ஏர்கோன் குளிரைத் திட்டினாள், துணி மூட்டையின் தூசியைத் திட்டினாள். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போகத்தான் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் வெள்ளையாக எதையோ பார்த்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சோறு இறங்காமல் போனது அதனால்தான்.

அவர் மவுத்தாகி அடக்கமான இருபதாம் நாள் கூரியரில் ஒரு தட்டையான பெட்டி வந்தது. உள்ளே கறுப்புத் தட்டு. அதோடு ஒரு சீட்டில் ஹனீஃபின் கோணல் கையெழுத்து: "முப்பதாவது கல்யாண நாளுக்கு. என் குரல். உனக்கு மட்டும்." பக்கத்து ஊர் தங்கா பத்துவில் கணேஸ்வரன் என்றொரு பையன், கொடுத்த குரலை இப்படித் தட்டில் பதித்துத் தருகிறானாம். பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று இப்போது இது ஒரு மோஸ்தர். மகள் ஃபரிஹா அதற்குள் கோலாலம்பூருக்கு வேலைக்குத் திரும்பியிருந்தாள். புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில், வாசல் தாண்டாமல், கடற்கரைச் சாலையின் லாரிச் சத்தத்தையும் ஈரக் காற்றின் மீன் வாடையையும் தவிர வேறு துணை இல்லாமல் இருந்த ஹஃபீஸாவுக்கு அந்த நாலு நிமிஷக் குரல் உயிரைத் திருப்பிக் கொடுத்தது.

இருமல் காணாமல் போன மறுநாள் கணேஸ்வரனைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அது கடையில விக்கிற தட்டு மாதிரி ஸ்ட்ராங் இல்ல" என்றான் அவன். "பிளாஸ்டிக்ல நான் கோடு கிழிச்சுக் கொடுக்கிறது. அந்த சீப் பொட்டியில ஊசி வேற கனம். அம்பது தடவ போட்டீங்கன்னா தேஞ்சிடும். மொத்தமா மங்கும். இருமல் மட்டும் தனியா எப்படிப் போவும்? சான்ஸே இல்ல."

பிறகு அவனே சொன்னான்.

"அங்கிள் நாலு எடத்துல இருமுனாரு ஆன்ட்டி. எடுத்துடவான்னு கேட்டேன். வேணாம் தம்பி, இருமலோட இருந்தாத்தான் அவ நான்தான்னு நம்புவான்னாரு."

அந்தப் பதிவை அனுப்பச் சொன்னாள் ஹஃபீஸா. அவன் மூலப் பதிவைக் கைப்பேசிக்கு அனுப்பி வைத்தான். கேட்டாள். நாலு இருமலும் இருந்தன. கைப்பேசியில் அந்த மூச்சிரைப்பு இன்னும் அப்பட்டமாகக் கேட்டது. சாகப்போகிற மனுஷர் பேசுகிறார் என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்கு மட்டும் அப்போது தெரியாமல் போயிற்று. பதிவை அழித்தாள். கணேஸ்வரனிடமும் அழித்துவிடச் சொல்லிச் செய்தி அனுப்பினாள்.

தட்டில் அவர் குணமாகிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் இரண்டாவது இருமல் போயிற்று. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. மூச்சு நீண்டது. குரலில் சதை பிடித்தது. நிக்காஹ் முடிந்து முதன்முதலாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது இருந்த குரல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் ஹஃபீஸா அழுதாள். எந்த டாக்டராலும் முடியாததைத் தினம் ஊசியை இறக்கி இறக்கி அவள் செய்துகொண்டிருந்தாள். நாளுக்கு ஒரு தடவை என்பது மூன்றானது, ஐந்தானது. நாலாவது இருமலும் போன அன்று இரண்டு ரக்அத் தொழுதாள்.

அன்று சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவளுக்கு இருமல் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, பாதி வழியில் நின்று, தொண்டையில் கிழிந்தது. கையில் அரிசித் தண்ணீரோடு அப்படியே நின்றாள். அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

"அம்மா, லைன் சரியில்ல. கரகரன்னு கேக்குது" என்றாள் ஃபரிஹா, வாரக் கடைசியில் பேசும்போது.

கைப்பேசியை மாற்றிப் பார்த்தார்கள். வீடியோவில் பேசினார்கள். எதிலும் கரகரப்பு போகவில்லை. ஹஃபீஸா ஒருநாள் தானே ஒரு குரல் செய்தியைப் பதிவுசெய்து காதில் வைத்துக் கேட்டாள். அவள் பேச்சுக்கு அடியில் சன்னமாக ஓர் இரைச்சல் ஓடியது. அதன் நடுவே, மாறாத இடைவெளி விட்டு விட்டு, டிக். டிக். டிக். தட்டில் கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கேட்குமே, அதே சத்தம்.

தேய வேண்டியது தேய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தட்டு தேயவில்லை.

போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் உடம்பு கரைந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றவள் தன் குரலையாவது கொடுக்கட்டுமே. யாரோடு பேசப் போகிறாள் இனி? ஃபரிஹா மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தாவோட தட்ட ஒரு தடவ போட்டுக் காட்டுங்கம்மா, போன்லயாச்சும் கேக்குறேன்." ஹஃபீஸா பொய் சொன்னாள். "அது தேஞ்சு போச்சு புள்ள. ஒண்ணும் கேக்கல." பேராசையில் சொன்ன பொய் அது. 'உனக்கு மட்டும்' என்று எழுதியிருந்ததே, அதைப் பெற்ற மகளோடுகூடப் பங்குபோட மனசு வரவில்லை. பிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நிறுத்த வைத்தது பிள்ளைதான். அத்தாவை அடக்கம் செய்த மூன்றாவது வாரம் ஃபரிஹா உண்டாகியிருப்பது தெரிந்தது. ஹனீஃபுக்குத் தெரியாமல் போன சங்கதி. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. இத்தா முடிந்ததும் அம்மாவைக் கோலாலம்பூருக்கே கூட்டிப் போய்விடுவதாகத் திட்டம். "புள்ள காதுல நீங்கதாம்மா ஸலவாத்து ஓதணும். உங்க கொரலக் கேட்டுத்தான் அது தூங்கணும்" என்றாள் ஃபரிஹா. அன்று பூராவும் ஹஃபீஸா தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். குரல் வேண்டும். பேரப்பிள்ளைக்காக வேண்டும். தட்டை உறையில் போட்டு அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்தாள். உடைக்கத்தான் நினைத்தாள். கையில் எடுத்தபோது மனசு வரவில்லை. நாளைக்கு உடைக்கலாம் என்று வைத்தாள். தினமும் நாளைக்கு என்றாள்.

தட்டை ஒளித்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஷகீலா ராத்தா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தார். உட்காரவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனைக்காத ஹஃபீஸா. இத்தாவுல இருக்க. நேத்து மத்தியானம் உன் ரூம்புல ஆம்பள சத்தம் கேட்டுச்சே? நல்லா சிரிச்சுப் பேசிக்கிட்டு… யாரு வந்தா?"

நேற்று மத்தியானம் ஹஃபீஸா குளித்துக்கொண்டிருந்தாள். பெட்டி மேசைமேல் மூடிக் கிடந்தது. தட்டு அலமாரிக்குள்.

"யாரும் வரல ராத்தா" என்று சொல்லப் பார்த்தாள். வார்த்தைக்குப் பதில் இரைச்சல்தான் வந்தது. ஷகீலா ராத்தா அவள் வாயையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்து வெளியே போய்விட்டார்.

ஹஃபீஸாவின் குரல் திரும்பவில்லை. நாளுக்கு நாள் குறைந்தது. அலமாரிப் பக்கம் போவதையே விட்டாள். உடுத்த இரண்டு துணி வெளியில் கிடந்தது, அதையே துவைத்துத் துவைத்துக் கட்டினாள்.

இத்தா முடிந்த மறுநாள் காலை ஃபரிஹா வந்து இறங்கினாள். ஐந்து மாத வயிறு சட்டைக்கு மேல் தெரிந்தது. அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள்.

"நேத்துத்தான்மா மொத தடவ அசைஞ்சுச்சு. இங்க கை வைங்க. பாத்தீங்களா?"

உள்ளங்கைக்கு அடியில் சின்னதாக ஒரு துள்ளல். ஹஃபீஸாவுக்குக் கண் நிறைந்தது. என்னமோ சொல்ல வாயெடுத்தாள். இரைச்சல். அதற்குள் ஒரு டிக்.

"என்னம்மா இது? தொண்ட இவ்ளோ மோசமா இருக்கே! நாளைக்கு மொத வேலையா கிளினிக் போறோம். நீங்க ஒக்காருங்க, நான் துணியெல்லாம் பேக் பண்றேன்."

ஹஃபீஸா தலையாட்டினாள். மகளுக்குத் தேத்தண்ணி போடலாம் என்று சமையலறைக்குப் போனாள். எத்தனை நாள் கழித்து இன்னொருத்தருக்காக அடுப்பு பற்ற வைக்கிறாள். தண்ணீர் கொதித்தது. தேயிலை வாசம் எழுந்தது. மனசு லேசாகியிருந்தது. துணி பேக் பண்ணுகிறேன் என்று மகள் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது.

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம்.

"அம்மா! தேஞ்சுபோச்சுன்னீங்களே? இதுல ஒரு கீறல்கூட இல்லியே!"

போடாதே என்று கத்தினாள். காற்றுதான் வந்தது. ஓடினாள். நடைவழி சின்னதுதான், பத்து அடி. கால் பின்னிக்கொண்டது. நீலப் பெட்டியின் கொக்கி திறந்தது. கரகரப்பு.

"ஃபரிஹா, நான்தான்."

ஹஃபீஸா அறை வாசலில் நின்றாள். தட்டில் அந்தப் பெயர் எப்போதும் இருந்ததில்லை.

என்ன குரல் அது! நிக்காஹ் நாளின் குரல். கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவு. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளும் நின்று கேட்டாள். எத்தனை நாளாயிற்று. இன்னொரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று மனசு கெஞ்சியது. அந்த வார்த்தையையும் கேட்டாள். அதற்கடுத்ததையும் கேட்டாள்.

பிறகுதான் பாய்ந்தாள். ஃபரிஹா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவம்மா. ப்ளீஸ்லா. எனக்கும் அவரு அத்தாதானே?"

உதறினாள். ஊசிக்கம்பியைப் பிடித்துத் தூக்கினாள். ஊசி அந்தரத்தில் நின்றது. அடியில் தட்டு சும்மா சுழன்றது.

ஹனீஃப் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஆறு வருஷமா காத்திருந்த பேரன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

பெட்டியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். தட்டை எடுத்துத் தரையில் அறைந்தாள். இரண்டாகப் பிளந்தது. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஃபரிஹா அது எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. அடிநெஞ்சிலிருந்து சின்னதாக ஒருமுறை இருமினாள்.

"அம்மா…" அந்த ஒரு வார்த்தையில் கரகரப்பு விழுந்திருந்தது. "புள்ளயப் பாருங்களேன். இவ்ளோ நேரம் துள்ளிக்கிட்டு இருந்துச்சு. அத்தா கொரலக் கேட்டதும் அசையாம படுத்துக் கேக்குது."

ஹஃபீஸா முழந்தாளிட்டு மகளின் வயிற்றில் இரண்டு கையையும் வைத்தாள். அழுத்தினாள். இடம் மாற்றினாள். மறுபடி அழுத்தினாள்.

தலைக்கு மேலே ஹனீஃப் வாய்விட்டுச் சிரித்தார். கூடவே இன்னொரு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. பல் முளைக்காத, புத்தம்புதுச் சிரிப்பு.

உள்ளங்கைக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை.