தட்டில் கை வைக்காதே

புதுப்பட்டினத்துக்குச் சற்று முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்த ஒரு குட்டியானைச் சரக்கு வண்டிக்குக் குறுக்கே தன் ஸ்கூட்டியை நிறுத்தினாள் ஜெயப்பிரியா. நல்ல மழை. ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வண்டி ஒரு முழம் தள்ளி நின்றது. பயப்பட அவளுக்கு நேரமில்லை... நாவலூர் ஆபீசில் பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னாமா, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"பின்னாடி கீற நாய எறக்கு. அது என்னோடது."

பட்டாணி அவள் வளர்த்த நாய். அச்சரப்பாக்கத்து வீட்டில் அது முதலில் அண்ணன் மணியைக் கடித்தது. அப்புறம் அண்ணியை. கடைசியில் அப்பா செங்கல்வராயனின் காலையே பதம் பார்த்துவிட்டது. சோறு போட்டவர்களையே கடிக்கிற நாய் எதற்கு என்று அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டான். புதுப்பட்டினத்தில் மீன் இறக்கும் இடத்தில் விட்டால் மீன் தலையைத் தின்று பிழைத்துக்கொள்ளுமாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியும் பேசியாயிற்று. அம்மாதான் மனசு கேட்காமல் போனில் சொன்னாள், வண்டி நம்பரோடு.

"கடிக்கிற நாயாமே..." என்றான் அவன்.

"இப்ப எறக்கலன்னா நானே கடிப்பேன்."

அவன் சிரித்துவிட்டான். மழையில் நனைந்து இமைகள் ஒட்டிக்கிடந்தன... சிரிப்பு முதலில் கண்ணில்தான் வந்தது. இந்த நேரத்தில் இதையெல்லாம் யார் கவனிக்கச் சொன்னது என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

பின்கதவைத் திறந்தான். தார்ப்பாய்க்குக் கீழே, நனையாமல், பட்டாணி ஒரு தட்டில் பாலில் ஊறிய பொறை ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. எங்கேயும் விட மனசு வரவில்லை, என் வீட்டுக்கே கூட்டிப் போகலாம் என்றுதான் இருந்தேன் என்றான். அவள் நம்பவில்லை. அதற்குள் சாரல் உள்ளே அடித்தது. தட்டு நனைகிறதே என்று அவன் கையை நீட்டி இழுத்தான்.

கடி விழுந்தது அப்போதுதான்.

எதிர் டீக்கடைக் குழாயடியில் அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு சோப்பு போட்டுக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். முன்பின் தெரியாதவனின் கை... ஆனால் அவன் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

"நீ இன்னா பண்ண அத?" என்று அதட்டினாள்.

"தட்டத்தான் இழுத்தேன்."

அவள் கை நின்றுவிட்டது. அண்ணன்... சிநேகிதர்கள் வந்தால் போதும், தின்றுகொண்டிருக்கும் தட்டைப் பாதியில் பிடுங்கி, நம்ம பேச்சை எப்படிக் கேட்கிறது பார் என்று பெருமை அடிப்பான். அண்ணி தின்று முடிக்கும் முன்னே தட்டைக் கழுவ எடுப்பாள். அப்பா, தட்டு வழியில் இருக்கிறதென்று காலால் தள்ளினார். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் இது ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அவன் பெயர் ஜெரோம். படகுகளுக்கு ஐஸ் கட்டி ஏற்றுகிறவன். தடுப்பூசி போட்ட நாய்தான் என்றாலும் அவள் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஊசி ஒன்றோடு முடியாதாம், தேதி போட்டுத் திரும்பத் திரும்ப வரவேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் அவளே ஸ்கூட்டியில் வந்து அழைத்துப் போனாள். அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் நாய்க்கு இடமில்லாததால் பட்டாணியும் அவன் வீட்டிலேயே தங்கிவிட்டது. அங்கே தட்டு வைத்ததும் அவன் அம்மா உட்பட எல்லோரும் எட்டத் தள்ளிப் போய்விடுவார்கள். அதன் பிறகு அது யாரையும் கடிக்கவில்லை.

ஒருநாள் நர்ஸம்மா அவளைப் பார்த்து வீட்டுக்காரரா என்று கேட்டுவிட்டார். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"ஊசி முடிஞ்சா வர மாட்டியா?" என்று வெளியே வந்து கேட்டான்.

"நாயப் பாக்க வருவேன்."

"நாய மட்டும்...?"

அவள் அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். முகத்தை மறைக்க வேறு வழி?

கடைசி ஊசி போட்ட வாரம் அண்ணன் போன் செய்தான். மதுராந்தகத்தில் ஒரு மாப்பிள்ளை, நல்ல வசதியாம். கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம், இப்போதே ஆபீசில் சொல்லிவிடு என்றான். அவளிடம் கேட்கவில்லை, சொன்னான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டாணியை ஏற்றிக்கொண்டு ஜெரோமின் வண்டியிலேயே வீட்டு வாசலில் போய் இறங்கினாள். அவள் உள்ளே வரச் சொன்னதற்கு அவன் மறுத்துவிட்டான். அந்த வீடு தன்னை ஏற்காது என்று அவனுக்குத் தெரியும். பெரியவர்கள் கூப்பிடாத வீட்டுக்குள் நுழைய அவனுக்கும் ரோஷம் இருந்தது.

முற்றத்தில் சோற்றை வைத்தாள். அண்ணன் பழக்க தோஷத்தில் குனிந்து கையை நீட்டினான்.

"தட்டுல கை வைக்காத," என்றாள். குரல் உயரவில்லை. "அது கடிக்கிற நாயில்ல. அதுங்கிட்டருந்து புடுங்கனதாலதான் கடிச்சுது. என் வேலையும் அப்பிடித்தான். அதுல யாரும் கை வைக்காதீங்க. இத்தினி நாளு கடிக்காம இருந்தது என் தப்பு."

பட்டாணி நிதானமாகத் தின்று முடித்தது. பிறகு எழுந்து, தான் கடித்த அதே காலின் மேல், செங்கல்வராயனின் பாதத்தில், தலையை வைத்துப் படுத்தது. அவர் காலை இழுக்கவில்லை.

"அந்த மாப்ளையும் வேணாம் நைனா. எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்கு. வாசல்ல வண்டியில கீறாரு. அவருகிட்டயே இன்னும் சொல்லல... உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அண்ணன் கத்த வாயெடுத்தான். அப்பா தடுத்தார். "தள்ளி நில்லுடா மணி," என்றார். பிறகு மகளிடம், அதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார், முகத்தைப் பார்க்காமலே.

"பேசலாம் நைனா. ஆனா நான் முடிவு பண்ணிட்டேன்."

திரும்பும் வழியில் மதுராந்தகம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினான் ஜெரோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் முன்னால் சூடாக ஒரு தட்டு பஜ்ஜி. வாசலில் வண்டியில் இருந்தவனுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது என்று அவன் கண்ணிலேயே தெரிந்தது. ஆனாலும் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தட்டை நடுவில் நகர்த்தினாள்.

"எடுத்துக்கோ."

அவன் வடு விழுந்த கையை மேஜையின் மேல் வைத்தான். தட்டுக்குப் போகவில்லை அந்தக் கை... அவள் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"பிரியா... எனக்கும் ஒன்னப் புடிச்சிருக்கு. அன்னைக்கு மழையில வண்டிய மறிச்சியே, அப்பவே," என்றான். "கையப் புடிச்சுக்கட்டுமா?"

இருபத்தாறு வயதில் அவளிடம் முதன்முதலாக ஒருவன் கேட்கிறான். கண் நிறைந்துவிட்டது.

"புடிச்சுக்கோ... கடிக்க மாட்டேன்," என்றாள்.