தானாகத் திறந்த பெர்மிட்

சாப்பாட்டு நேரம் முடிந்து டைப்பிஸ்ட் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, மேனேஜர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உன் தம்பி தொட்டி வாசல்ல நிக்கிறான். பெர்மிட் எங்க?"

"காஸ் பாத்தாச்சா சார்?"

"மீட்டர் ரிப்பேர்ல கெடக்கு. பழசுலயே தேதி மாத்திக் குடு."

"சார், அவன் என் கூடப்பொறந்தவன்..."

"அப்ப வீட்டுக்கு அனுப்பிரு. கேட்டுக்கு வெளிய நூறு பேரு நிக்கிறான்."

அவர் எழுந்து விலக, அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அவள் வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும்.

கழிவுத் தொட்டியில் ஆளை இறக்குமுன் விஷக்காற்றை அளந்து, அந்த அளவைப் பெர்மிட்டில் எழுத வேண்டும். முன்பு அதைப் பார்த்துக்கொண்டவர் சேஃப்டி ஆபீசர். தடித்த கண்ணாடி போட்டவர், அதனால் எல்லோருக்கும் அவர் 'கண்ணாடி'. ஆபீஸ் கதவைத் தட்டாமல் உள்ளே வரமாட்டார். பழைய பெர்மிட்டை எவனும் நகலெடுக்கக் கூடாதென்று ஒவ்வொரு ஃபைலையும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினார். அவசரத்துக்கு இருக்கட்டுமென்று அவளிடம் மட்டும் அதைச் சொல்லிவைத்தார். மயங்கி விழுந்த ஒருவனைத் தூக்க இறங்கி, அதே தொட்டியில் செத்தார்.

அதன்பிறகு மேனேஜர் சொல்ல, அவள் அந்தப் பாஸ்வேர்டை மேக்ரோ என்ற குட்டிப் புரோகிராமுக்குள் எழுதினாள். பட்டனைத் தட்டினால் போதும். பூட்டிய ஃபைல் திறக்கும், தேதி மாறும், அச்சாகி வரும். மேனேஜருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

பட்டனைத் தட்டினாள்.

பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி திரையில் வந்து நின்றது. மேக்ரோ ஓடும்போது அது வரவே கூடாது.

கையாலேயே அடித்தாள். தப்பு என்றது. மறுபடியும் அடித்தாள். தப்பு.

தொட்டிக் காற்றின் அழுகிய முட்டை நாற்றம் மெல்லப் பரவியது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தொட்டியோ ஆலையின் மறுகோடியில்.

"சார்... நாத்தம் வருதா?"

"எனக்கு ஜலதோஷம். வேலையப் பாரு."

அவள் கைகள் மடியில் இருந்தன.

பெட்டியில் ஒரு புள்ளி விழுந்தது.

பிறகு இன்னொன்று. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே, அவள் காதோரத்தில் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

ஃபைல் திறந்தது. இன்றைய தேதி. தம்பியின் பெயர். காற்றின் அளவு எழுதும் கட்டத்தில் எண் தானாக ஏறிக்கொண்டிருந்தது. மனுசன் பிழைக்கும் அளவைத் தாண்டியும் அது நிற்கவில்லை.

போனை எடுத்தாள். "மேஸ்திரி, அவன இறக்காதீங்க!"

"எறங்கிட்டானேம்மா. பெர்மிட் பின்னால வரும்னு சார் சொன்னாரே."

செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாமல் ஓடினாள்.

தம்பி தொட்டி விளிம்பில் குப்புறக் கிடந்து இருமினான். உயிர் இருந்தது. இடுப்பில் கயிறு இல்லை.

"எப்படித் தூக்குனீங்க?"

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. "நாங்க எங்க தூக்குனோம்? அவனா மேல வந்தான்."

"அக்கா," தம்பி கிசுகிசுத்தான். "கீழ ஒருத்தரு... தோள்ல ஏத்தித் தள்ளிவிட்டாரு."

"யாருடா?"

"இருட்டுல தெரியல. அவரு இன்னும் உள்ளதான் இருக்காரு. கை குடுங்க யாராச்சும்."

யாரும் கை கொடுக்கவில்லை. மேஸ்திரி இரும்பு மூடியை இழுத்துச் சாத்தினார்.

அடியிலிருந்து அதை யாரோ தட்டினார்கள். ஆபீஸ் கதவைத் தட்டிவிட்டு நிற்பவரைப் போல, பொறுமையாக.