நாலு பத்துக்குச் செத்தவர்

போன் அலறியது.

காலை ஆறு ஐம்பது. இன்ஸ்பெக்டரம்மா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு எடுத்தாள்.

"யாரு?"

"நான் டாக்டர் பேசறேம்மா. நீதிபதி ஐயா வீட்டுலேர்ந்து... உடனே வாங்க. ஐயா போயிட்டார்!"

"எங்க போயிட்டார்?"

"செத்துட்டார்மா!"

நுரையைத் துப்பினாள். இருபது நிமிடத்தில் ஜீப் அந்த வீட்டு வாசலில் நின்றது.

உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி தன் எழுத்து மேஜைக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கியது. சட்டையில் வாந்தி. பேனா மூடியில்லாமல் தரையில் கிடந்தது.

அவர் மனைவி பக்கத்திலேயே நின்றாள். ஊரிலிருந்து வந்த பை இன்னும் தோளில் இருந்தது. அதை இறக்கி வைக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

"எப்பம்மா பார்த்தீங்க?"

"ஆறரைக்கு... மக வீட்டுலேர்ந்து ராத்திரி பஸ் ஏறினேன். நேத்து பூரா போனே எடுக்கல. தீர்ப்பு எழுத உட்கார்ந்தா போனை அணைச்சிடுவார், அதான்னு இருந்துட்டேன். வந்து கையைத் தொட்டேன்..."

"ம்?"

"சூடு இருந்துச்சும்மா. அரை மணி முன்னாடி வந்திருந்தா..."

முடிக்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு வைத்தியம் பார்ப்பவர் டாக்டர். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஆறு மணி வாக்குல உயிர் போயிருக்கு. உடம்பு இன்னும் விறைக்கவே இல்ல."

இன்ஸ்பெக்டரம்மா மேஜையைப் பார்த்தாள். விரித்து வைத்திருந்த கேஸ் கட்டின் மேல் அட்டையைப் பார்த்ததும் அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

அவளுடைய கேஸ்!

தையல் ஆலைத் தீ. முப்பத்தொரு பெண்கள். வெளியே பூட்டியிருந்த கதவு. எவன் பூட்டச் சொன்னான் என்று கண்டுபிடிக்க அவள் நாலு வருஷம் செருப்புத் தேய நடந்தாள். முதலாளியைக் கூண்டில் ஏற்றினாள். கீழே தண்டனை கிடைத்தது. மேலே போனதும் ஒரு நீதிபதி அவனை விடுதலை செய்தான். முப்பத்தொரு உயிருக்குப் பதினோரு பக்கத் தீர்ப்பு! அன்றிலிருந்து ஸ்டேஷனில் அவனுக்குப் பெயரே 'பதினோரு பக்கம்'தான்.

அந்த அப்பீல் திங்கட்கிழமை இந்த மனிதர் முன்னால் வர இருந்தது. அந்த மனிதர்தான் இப்போது நாற்காலியில் கிடக்கிறார்.

ஏட்டு உள்ளே ஓடி வந்தார்.

"மேடம்! வெளியில லிஸ்ட்டு வந்து இறங்கறார்!"

"அவருக்கு யாரு சொன்னா?"

"தெரியல மேடம். மூஞ்சியில துக்கம் வழியுது. தலைய மட்டும் படிய வாரியிருக்கார்."

லிஸ்ட்டு என்றால் சட்டத்துறைச் செயலாளர். எந்தக் கோர்ட்டில் யார் உட்கார வேண்டும் என்பது அவர் சட்டைப் பையிலிருந்துதான் வரும். கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. ஏழு பேர் உட்காருவார்கள். டீ குடிப்பார்கள். லிஸ்ட்டு நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாட்டைக் காப்பாற்றிய களைப்போடு காரில் ஏறுவார்கள். அவ்வளவுதான் தேர்வு!

லிஸ்ட்டு வந்தார். பிணத்தைக் கும்பிட்டார். நிமிர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

"டாக்டர், சர்டிபிகேட்ல நேரம் போட்டாச்சா?"

"காலை ஆறு."

"தப்பாச்சே! நேத்து சாயங்காலம்னு போடுங்க."

நீதிபதியின் மனைவி திரும்பினாள்.

"தம்பி, என்ன சொல்றீங்க? நான் தொட்டப்போ சூடா இருந்துச்சு!"

"துக்கத்துல அப்படித்தாம்மா தோணும்."

"எனக்கா தோணுது? நாப்பது வருஷம் பிடிச்ச கைடா அது!"

இன்ஸ்பெக்டரம்மா நடுவில் வந்தாள். குரல் கரகரத்தது.

"அம்மா, இவர் எதுக்கு அலையறார்னு நான் சொல்றேன். நேத்து சாயங்காலம் அஞ்சு மணியோட இவங்க ஆட்சிக்காலம் முடிஞ்சுபோச்சு. அஞ்சுக்குள்ள காலியான நாற்காலிக்கு மட்டும்தான் இவங்க ஆள் போட முடியும். அஞ்சுக்கு அப்புறம் காலியானா, எலெக்‌ஷன்ல ஜெயிச்சு வர்றவங்கதான் போடுவாங்க. அதான் உங்க வீட்டுக்காரரை நேத்தே சாகடிக்கப் பார்க்கறார்."

லிஸ்ட்டு சிரித்தார்.

"விவரமாத்தான் இருக்கேம்மா."

"ஆள் யாரு சார்? லிஸ்ட்ல பேரு இருக்குமே?"

சொன்னார்.

பதினோரு பக்கம்!

ஏட்டு வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். யாரும் கண்டிக்கவில்லை.

"திங்கக்கிழமை பதவி ஏற்பார். வயசு ஐம்பதுதான். பதினஞ்சு வருஷம் இருப்பார். உன் ஆலைக் கேஸ் முதலாளி எல்லாம் அவர் செட்டுதான். இந்தா, மந்திரியே பேசறார்..."

போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினார். அதிகாரத்தில் ஊறிய குரல் ஒன்று வந்தது.

"யாரும்மா அங்க தகராறு பண்றது? நேத்து நாலு ஐம்பதுக்கே நான் கையெழுத்துப் போட்டாச்சு. இறந்தவர் இடத்துக்கு நியமனம்னு. முடிஞ்சுபோன விஷயம்."

டாக்டர் கொதித்துப் போனார்.

"இன்னிக்குக் காலையில செத்தவருக்கு நேத்தே காலியிடமா? வெட்கமா இல்லய்யா உங்களுக்கு? நான் கையெழுத்துப் போட மாட்டேன்! என் லைசென்ஸைப் புடுங்குங்க, போங்க!"

"டாக்டர்... கொஞ்சம் இருங்க."

இன்ஸ்பெக்டரம்மாவின் குரல் திடீரென்று தணிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், டாக்டர் மசிய மாட்டார். ஆனா வழி இருக்கு. உயிர் போனதைக் கண்ணால பார்த்த ஆள் ஒருத்தர் எழுதிக் குடுத்தா, டாக்டர் கணக்கு நிக்காது."

அறை சில்லிட்டது. நீதிபதியின் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயுமாம்மா? காக்கி போட்டுக்கிட்டு இதுக்கா வந்தே? த்தூ!"

இன்ஸ்பெக்டரம்மா தொப்பியை மேஜையில் வைத்தாள்.

ஏட்டு அவள் காதருகே குனிந்தார். "மேடம்... முப்பத்தொரு வீட்டுக்கும் நாமதானே மேடம் போய்ச் சொன்னோம்?"

"தெரியும் ஏட்டய்யா. பேப்பர் குடுங்க."

லிஸ்ட்டின் முகத்தில் பல்ப் எரிந்தது.

"கண்ணால பார்த்த ஆள் தானே? நானே இருக்கேன்! நேத்து நாலு மணிக்கு நான் இங்கதான் வந்திருந்தேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சார்..."

"கூட வேற யாராவது இருந்தாங்களா சார்? அப்புறம் ஆளுக்கொரு நேரம் சொல்லிடக் கூடாது பாருங்க."

"யாரும் இல்ல. சமையல்காரருக்கு லீவு. அவரும் நானும் மட்டும்தான்."

"நல்லதாப் போச்சு. எழுதுங்க."

எழுதினார். தங்க நிபு பேனா. அழகான கையெழுத்து. 'மாலை நாலு பத்துக்கு என் கண் முன்னே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அறையில் நான் ஒருவன் மட்டுமே இருந்தேன்.' கீழே பெயர், பதவி, தேதி. இன்ஸ்பெக்டரம்மா வாங்கி ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள்.

"ஏட்டய்யா, கதவைச் சாத்துங்க."

"எதுக்கும்மா?" என்றார் லிஸ்ட்டு.

"டாக்டர், வயசான மனுஷன், இதய நோயாளி. நாற்காலியில செத்துக் கிடந்தா ஆம்புலன்ஸைத்தானே கூப்பிடுவாங்க? நீங்க ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?"

டாக்டர் அவளையே பார்த்தார். மெல்லப் புரிந்தது அவருக்கு.

"ஏன்னா... இது மாரடைப்பு இல்லம்மா. விஷம்! வாயைப் பாருங்க, நகத்தைப் பாருங்க. போன்லயே சொல்லியிருப்பேன், அம்மா பக்கத்துல இருந்தாங்க."

நீதிபதியின் மனைவியின் தோளிலிருந்து பை நழுவித் தரையில் விழுந்தது.

லிஸ்ட்டு ஓரடி பின்னால் போனார். முதுகில் எதுவோ இடித்தது. கதவுக்கு முன்னால் ஏட்டு நின்றிருந்தார், மார்பில் கை கட்டிக்கொண்டு.

"ஆக, விஷத்துல ஒருத்தர் துடிச்சுச் சாகறார். பக்கத்துல நீங்க மட்டும். டாக்டரைக் கூப்பிடல. சம்சாரத்துக்குச் சொல்லல. மந்திரிக்கு மட்டும் போன் போட்டு நாற்காலி காலின்னு சொல்லியிருக்கீங்க. எல்லாம் உங்க கையாலயே எழுதிட்டீங்க. கொலைக் கேஸ் சார்! ஐயா... மந்திரி ஐயா! லைன்ல இருக்கீங்களா?"

போனில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு குரல் வந்தது. இப்போது அதில் தேன் சொட்டியது.

"சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்மா. அந்த ஆளைப் பிடிச்சு உள்ள போடு. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா... நேரம் நாலு பத்துதான். எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம், அதை மாத்தக் கூடாது!"

பார்த்தீர்களா? ஆளைத் தூக்கில் போடலாமாம். நாற்காலி மட்டும் வேண்டுமாம்! நேற்று வரைக்கும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் ஐயா இவர்கள்.

"ஐயா!" லிஸ்ட்டு அலறினார். "என்னங்கய்யா சொல்றீங்க?"

"யாருய்யா நீ?" என்றது போன்.

அந்த இரண்டு வார்த்தையில் லிஸ்ட்டு உடைந்தார். படிய வாரிய தலை கலைந்தது. மேஜையில் குனிந்து போனைப் பார்த்துக் கத்தினார்.

"யாரா? நான் யாரா? நாலு பத்துக்கு அவர் சாகவே இல்லய்யா! ராஜினாமா எழுதிக் குடுங்கன்னு கெஞ்சினேன். போடா வெளியேன்னார். நான் கெளம்பறப்போ நல்லாத்தான் இருந்தார்! காபியில நான் கலந்த மருந்து ஆளைக் கொல்லப் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்யா! சந்தேகம் வந்தா சாட்சி வேணும், காலையில நாப்பது பேருக்கு நடுவுல என் வீட்டுல உட்கார்ந்திருன்னு சொன்னது யாரு? ஆளை நீ பாரு, நேரத்தை நான் பார்த்துக்கறேன்னு சொன்னது யாரு? நீதானே! நீதானேடா!"

டொக்.

லைன் போய்விட்டது.

நீதிபதியின் மனைவிதான் முதலில் நகர்ந்தாள். லிஸ்ட்டின் எதிரே வந்து நின்றாள். கை ஓங்கினாள்... பிறகு இறக்கிவிட்டாள்.

"காபி நீ போட்டுக் குடுத்தியாடா? அவருக்குச் சர்க்கரை கம்மியாப் போடணும்னுகூட உனக்குத் தெரியாதேடா..."

சொல்லிவிட்டுக் கணவனின் நாற்காலிக்கு அருகே தரையில் உட்கார்ந்தாள். இப்போதுதான் அழுதாள்.

டாக்டர் இன்ஸ்பெக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"அவன் வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"நாலு பத்தே நின்னிருக்கும் டாக்டர். பதினோரு பக்கம் திங்கக்கிழமை ஏறி உட்கார்ந்திருப்பான். என் முப்பத்தொரு பொண்ணுங்களையும் இன்னொரு தடவை கொளுத்தியிருப்பான். வேற துருப்பு என்கிட்ட ஒண்ணும் இல்ல." அவள் குனிந்து நீதிபதியின் மனைவியின் தோளைத் தொட்டாள். "மன்னிச்சுக்குங்கம்மா. உங்க வீட்டுக்காரர் இன்னிக்குக் காலையில ஆறு மணிக்குத்தான் போனார். அப்படித்தான் எழுதப் போறேன்."

நீதிபதியின் மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விலங்கு பூட்டும்போது லிஸ்ட்டு முனகினார்: "நான் பெரிய இடம்மா... யோசிச்சுச் செய்..."

"பெரிய இடம் இப்பத்தானே சார் உங்களை யாருன்னு கேட்டுச்சு?" என்றார் ஏட்டு.

மேஜையில் இருந்த லிஸ்ட்டின் போன் மறுபடி அடித்தது. மந்திரி இல்லை. திரையில் பெயரைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டரம்மா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"என்னய்யா, டாக்டர் கையெழுத்துப் போட்டானா இல்லையா?" குரல் குழைந்தது. "அந்தக் கிழவன் சாகறதுக்கு எத்தனை நேரம்தான் எடுத்துக்கிட்டான்! என் இடம் உறுதியாயிடுச்சா?"

பதினோரு பக்கம்!

இன்ஸ்பெக்டரம்மா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஆயிடுச்சு சார். கோர்ட்டுல உங்களுக்கு இடம் உறுதி... கூண்டுக்குள்ள! நீங்களே வந்துடறீங்களா, ஜீப் அனுப்பட்டுமா?"