தேரியில் இல்லாத எட்டு வீடுகள்

விடிந்ததும் சுயம்புக்கனி வழக்கம்போலத் தேரி என்னும் செம்மணல் மேட்டைப் பார்த்து உட்கார்ந்து தூரிகையை எடுத்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் வேறெதையும் வரைந்ததில்லை. அவளிடம் வந்துபோகிறவர்கள் இரண்டே பேர்: படம் வரையத் துணியும் வண்ணமும் வாங்கி வரும் தேவதிரவியம், கீழே பனங்காட்டோரக் குடியிருப்பிலிருந்து தினமும் தண்ணீர் கொண்டுவரும் லிங்கக்கனி.

அன்று லிங்கக்கனி வெறுங்கையோடு வந்தாள். தங்கள் குடியிருப்பு வாசலில் நிலமீட்பி வந்து நிற்கிறது என்றாள்.

புயல்கள் கலைத்த நிலத்தைப் பழைய உருவத்துக்குத் திருப்பும் இயந்திரம் அது. பழைய உருவம் எது என்று அதற்குக் காட்ட வேண்டும். புகைப்படம் செல்லாது, எந்த ஆண்டின் புகைப்படத்தையும் ஒரு கம்ப்யூட்டர் நொடியில் செய்துவிடும். எண்ணெய் வண்ணம் அப்படியல்ல. மேலே தோல் கட்டிய பிறகும் உள்ளே ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும். அந்த இறுக்கத்தை அளந்தால் தீட்டிய மாதத்தைக்கூடச் சொல்லிவிடலாம். அதனால் கையால் தீட்டிய நிலக்காட்சி மட்டுமே சட்டப்படி நிலச்சான்று. சான்றில் இல்லாத கட்டடம் பின்னால் முளைத்த ஆக்கிரமிப்பு. இயந்திரம் அதை அகற்றிவிடும்.

"ஒங்க படந்தான் சான்றாம் யக்கா. அதுல எங்க எட்டு வீடும் இல்லையாம்."

சுயம்புக்கனி தேவதிரவியத்தை போனில் அழைத்தாள். கண்காட்சிக்கு என்று வாங்கிப்போன படத்தை அவன் ஒரு காற்றாலைக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தான். ஆளில்லாத நிலம்தான் அவர்களுக்குக் குத்தகைக்குக் கிடைக்கும். அவன் எதையும் மறைக்கவில்லை.

"நான் ஒண்ணையும் அழிக்கலையே யக்கா. வரஞ்சது நீங்கதான?"

வீட்டுச் சாவியையே அவனிடம் கொடுத்து வைத்திருந்தவள் அவள். போனை வைத்தாள்.

கீழே இறங்கிப் போய், தான் வருவதற்கு முன்பே அந்த வீடுகள் இருந்தன என்று இயந்திரத்தோடு வந்திருந்த அதிகாரியிடம் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வாய்ச்சொல்லை இயந்திரம் ஏற்காது, வீடுகள் தெரியும் பழைய படம் ஒன்று போதும், மாலைவரை காத்திருக்கிறேன் என்றார்.

மேலே வந்து, லிங்கக்கனி தேவதிரவியத்தை ஏசிக்கொண்டே இருக்க, இருவரும் முந்நூற்றுச் சொச்சம் படங்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். மணல்மேடு இருந்தது, பனைகள் இருந்தன, மேகத்தின் நிழலும் ஆட்டுத்தடமும்கூட இருந்தன. வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாப் படத்திலும் செம்மணல்.

லிங்கக்கனி கடைசிப் படத்தில் விரலை வைத்தாள்.

"இது எங்க வாசல். நெதமும் இங்கருந்துதான் கொடத்தத் தூக்கிட்டு ஏறி வாரேன். ஒங்க கண்ணுல படவே இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிட்டிருக்கலாம்.

"பட்டுது," என்றாள் சுயம்புக்கனி. "தகரக் கூரை படத்தக் கெடுக்குன்னு விட்டுட்டேன்."

லிங்கக்கனி விரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ அந்த ஆளச் சும்மா ஏசிட்டேன்," என்று சொல்லிவிட்டு, வீட்டுச் சாமான்களை எடுக்க இறங்கிப் போனாள்.